நியமன நாற்காலி வேண்டாம், வாக்குப்பெட்டி வேண்டும்!

தோழர்களே!

வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமென்றால் ஒரு தொழிற்சங்கம் என்ன செய்ய வேண்டும்? 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அதற்கு விதி வகுத்து வைத்தது. உறுப்பினர்களிடையே இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்களிக்க உரிமையுள்ள மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேராவது சம்மதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நாம் கத்தியைக் கீழே வைக்கலாம். ஒரு நாள் பால்வெட்டை நிறுத்துவதற்கு இத்தனை வாக்கு!

நல்லது. அந்த விதியோடு மல்லுக்கு நிற்பது இன்று என் நோக்கமல்ல. வேறொன்றைக் கேட்கிறேன். ஒரு நகரத்தின் வீட்டு வரியை உயர்த்துவதற்கு மக்களின் வாக்கு எத்தனை வேண்டும்? சாலையோரத்துத் தோசைக் கடைக்கு லைசென்சு மறுப்பதற்கு எத்தனை வாக்கு வேண்டும்? சந்தையை இடம் மாற்றுவதற்கும், சுடுகாட்டுக்கு நிலம் ஒதுக்குவதற்கும், குன்றைக் குடைந்து அடுக்குமாடி கட்ட அனுமதி கொடுப்பதற்கும் எத்தனை வாக்கு வேண்டும்?

ஒன்றுகூட வேண்டியதில்லை!

இதுதான் இந்த நாட்டில் நகராண்மைக் கழகங்களும் மாநகர் மன்றங்களும் மாவட்ட மன்றங்களும் நடக்கின்ற முறை. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறோம். சட்டமன்றத்துக்கு வாக்களிக்கிறோம். வாசலில் ஓடும் சாக்கடையைக் கவனிக்கும் மன்றத்துக்கு மட்டும் நமக்கு வாக்கில்லை. தூரத்தில் இருப்பவனைத் தேர்ந்தெடுக்க அறிவு உண்டாம். பக்கத்தில் இருப்பவனைத் தேர்ந்தெடுக்க அறிவு இல்லையாம்! இது என்ன நியாயம்?

சட்டத்தைப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவின் ஊராட்சி மன்றங்களுக்கெல்லாம் அடிப்படை, 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம். 171-ஆவது சட்டம் என்று எண் சொல்லுவார்கள். அதன் 10-ஆவது பிரிவு, மன்றத்தில் ஒரு மேயர் அல்லது தலைவரும், 8 பேருக்குக் குறையாமல் 24 பேருக்கு மேற்படாமல் உறுப்பினர்களும் இருப்பார்கள் என்கிறது. அவர்கள் அனைவரையும் மாநில அரசு நியமிக்கும். மூன்று ஆண்டுக்கு மேற்படாத காலம் பதவி. விரும்பினால் மறுபடியும் நியமிக்கலாம். யாரை நியமிப்பது? ஊராட்சி விவகாரத்தில் நிறைந்த அனுபவம் உள்ளவர்கள். அல்லது உத்தியோகத் துறையிலோ வாணிபத்திலோ தொழில்துறையிலோ பெயர் பெற்றவர்கள். அல்லது தங்கள் சமூகத்தின் நலனைப் பேசத் தக்கவர்கள். பெரும்பான்மையோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள். வாணிபம் செய்கிறவர் இருக்கிறார். தொழில் நடத்துகிறவர் இருக்கிறார். அந்தத் தொழிலில் உழைக்கிறவர் எங்கே? தொழிலாளி என்ற சொல்லே அந்த வரியில் இல்லை!

அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு இன்னும் கொடியது. ஊராட்சி மன்றத் தேர்தலைப் பற்றி வேறு எந்தச் சட்டம் என்ன சொல்லியிருந்தாலும் அது செல்லாது என்று அது ஒரே வீச்சில் வெட்டிவிட்டது. நமது நகரங்களின் சாசனம் இன்று இதுதான்: வரி உண்டு, வாக்கில்லை.

இது எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லவே இல்லை. பினாங்கு ஜோர்ஜ் டவுனைப் பாருங்கள். 1857-லேயே அந்நகரில் வரி செலுத்திய சிலர் நகராண்மை ஆணையர்களில் ஒரு பகுதியினரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1913-இல் வெள்ளைக்காரன் ஒரு புதிய சட்டத்தால் அந்தத் தேர்தலை நிறுத்தினான். அது முதல் பறிப்பு. யுத்தம் முடிந்து, மக்கள் விழித்த பிறகு, 1951 டிசம்பர் 1-ஆம் தேதி அதே நகரில் மறுபடியும் வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. நகரசபையின் 15 இடங்களில் 9 இடங்களுக்கு மட்டுமே தேர்தல். மீதி 6 இடம் நியமனம். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் தேர்தல் நடந்தது. அங்கே 18 இடங்களில் 12.

"பாதித் தேர்தல்தானே, இதில் நின்று என்ன பயன்" என்று அன்று எல்லோரும் ஒதுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒதுங்கவில்லை. நின்றார்கள். உள்ளே போனார்கள். ஐந்தே ஆண்டில், 1956-இல், ஜோர்ஜ் டவுன் நகரசபையின் எல்லா இடங்களும் மக்கள் தேர்ந்தெடுக்கும் இடங்களாயின. மலாயாவிலேயே முதன்முதலாக முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை அதுதான். 1957 ஜனவரி 1-ஆம் தேதி இரண்டாம் எலிசபெத் அரசியின் சாசனத்தால் அது மாநகரமாயிற்று. நாடு சுதந்திரம் அடைவதற்கு எட்டு மாதம் முன்பே ஒரு நகரம் தன்னைத் தான் ஆளத் தொடங்கியது!

பிறகு வந்தது இரண்டாவது பறிப்பு. கோலாலம்பூர் முதலில் போயிற்று. 1960-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை போய் ஆணையர் ஒருவர் வந்தார். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில், 1965 மார்ச் 1-ஆம் தேதி, அவசரகால விதியின் பேரில் நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் ஒத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியவுடன் தேர்தல் நடக்கும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது. அமைதி திரும்பியது. தேர்தல் திரும்பவில்லை! அதே 1966-இல் ஜோர்ஜ் டவுன் மாநகரசபையின் அதிகாரங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது. பழைய அவசரகாலப் பிரகடனங்களை 2011-இல் நாடாளுமன்றமே நீக்கியது. மழைக்காகப் பிடித்த குடை, மழை விட்டு அறுபது ஆண்டாகியும் மடங்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு தமிழரின் பெயரைச் சொல்லாமல் போகக்கூடாது. 1965-இல் ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். அன்று மேற்கு மலேசியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் இருந்தன. மூன்று ஆண்டுக்கு மேல் ஆராய்ந்து 1968 டிசம்பரில் அறிக்கையை முடித்தார்கள். தேர்தல் வேண்டும், மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே நகரத்தை நடத்த வேண்டும் என்பது அந்த அறிக்கையின் முடிவு. அரசாங்கம் என்ன செய்தது? அறிக்கையை உடனே மக்கள் கண்ணில் காட்டவில்லை. 1971 முடிவில்தான் வெளியிட்டது. அதன் முக்கியமான பரிந்துரையை ஏற்கவில்லை. 1973-இல் ஒரு தற்காலிகச் சட்டம், 1976-இல் நிரந்தரச் சட்டம் என்று போட்டு முடித்துவிட்டது. வைத்தியனைக் கூப்பிட்டு நாடி பார்க்கச் சொல்லிவிட்டு, அவன் எழுதிக் கொடுத்த மருந்தைக் குப்பையில் போட்ட கதைதான் இது.

சரி, இதெல்லாம் பட்டணத்துக்காரன் விவகாரம், பால்மரத்தடியில் நிற்கிற நமக்கு என்ன வந்தது என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதிலைக் கேளுங்கள்.

1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் புதுக்கிராமங்கள் பலவற்றில் மக்கள் வாக்களித்துத் தங்கள் ஊர் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்து லயத்தில் அப்படியா நடந்தது? தண்ணீர்க் குழாய் எங்கே வைப்பது, விளக்கு எப்போது அணைப்பது, கக்கூசை எங்கே கட்டுவது எல்லாம் துரையின் சொல்படி நடந்தன. இது தனியார் நிலம், இங்கே நகரசபைக்கு வேலையில்லை என்றார்கள். 1976-க்குப் பிறகு ஊராட்சி எல்லைகள் விரிந்தன. பல தோட்டங்கள் அந்த எல்லைக்குள் வந்தன. எல்லைக்கோடு லயத்தைத் தாண்டிப் போயிற்று. குப்பை லாரி மட்டும் தோட்டத்து முச்சந்தியோடு திரும்பிவிடுகிறது. கேட்டால் அதே பழைய பதில்: தனியார் நிலம்!

அதற்கு மேலும் உண்டு. எத்தனை இரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகின! எத்தனை தோட்டங்கள் வீட்டு மனைகளாகின! மூன்று தலைமுறை வெட்டிய மரங்களை விட்டுவிட்டு நம் குடும்பங்கள் எங்கே போயின? பட்டணத்து ஓரத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. அங்கே லிஃப்ட் கெட்டுப் போனாலும், சாக்கடை அடைத்தாலும், கொசு பெருகினாலும், பிழைப்புக்கு ஒரு கடை போட்டாலும், போய் நிற்க வேண்டிய படி மன்றத்தின் படியிலும் இருக்கிறது. லயத்தில் துரையிடம் கைகட்டி நின்ற சமூகம், இன்று கவுண்டரில் கைகட்டி நிற்கிறது. துரை மாறினான், நிற்கிற நிலை மாறவில்லை.

எங்கள் தோட்டத்துப் பக்கத்துச் சிறு பட்டணத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டு பால் வெட்டி ஓய்ந்த ஒரு தாய், அங்கே சடக்கோரத்தில் வடைக் கடை போட்டார். ஒரு நாள் அதிகாரிகள் லாரியில் வந்து மேசையையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். மலாய் மொழியில் எழுதிக்கொண்டு அவரோடு நானும் போனேன். கவுண்டரில் இருந்தவர், உங்கள் வட்டார உறுப்பினரின் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டார்:

"ஏங்க ஐயா, நம்ம வட்டாரத்துக்கு மெம்பர் யாரு?"

"விசாரிக்கணும் அம்மா."

"ஓட்டுப் போட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமே!"

மூன்று பேரிடம் விசாரித்த பிறகு பெயர் கிடைத்தது. அந்த உறுப்பினர் குடியிருப்பது வேறு பட்டணம். அவரை நியமித்தவர்களுக்கு அவரைத் தெரியும். அவர் யாருக்காக நியமிக்கப்பட்டாரோ அவர்களுக்கு அவரைத் தெரியாது. இரகசியமாய் ஒரு பூட்டைப் போட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் மறைத்து வைத்தது போன்ற ஏற்பாடு இது. அந்தத் தாய் கேட்ட ஒரு வரிக் கேள்விக்கு இந்த நாட்டின் அமைச்சர்கள் அறுபது ஆண்டாகப் பதில் சொல்லவில்லை.

இப்போது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் எதிர்வாதத்துக்கு வருகிறேன். இதைத்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன்.

நம் சமூகத்தில் சில பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தக் கட்சியின் வாசலில் இருப்பார்கள். அவர்கள் சொல்லுவது இது: "தேர்தல் கீர்தல் என்று கேட்காதீர்கள். தமிழன் எந்த வட்டாரத்திலும் சிறுபான்மை. தேர்தல் வந்தால் ஓரிடமும் கிடைக்காது. நியமனம் என்றால், போய்ப் பேசி, நமக்கென்று இரண்டு நாற்காலி வாங்கிவிடலாம்."

தோழர்களே, இந்தப் பேச்சுதான் நம்மை இத்தனை காலம் முடக்கியது. இரண்டு நாற்காலி வாங்கலாம், உண்மை. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? உட்கார வைத்தவருக்கு! அவருடைய பதவிக்காலம் நம் கையில் இல்லை. நம் கோயிலுக்கு ஆபத்து வந்தால் அவர் மன்றத்தில் எழுந்து கத்துவாரா, அல்லது அடுத்த நியமனத்தை எண்ணி வாயை மூடுவாரா? நல்லவர்கள் சிலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் நல்லவராக இருப்பதை நம்பியா ஒரு சமூகம் வாழ்வது? தீபாவளிப் பரிசு போல வருகிற பதவி, உரிமை ஆகாது. பரிசு கொடுத்தவன் அடுத்த ஆண்டு கொடுக்காமலும் இருக்கலாம்.

2007 அக்டோபர் 30-ஆம் தேதியை மறந்துவிட்டோமா? தீபாவளிக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேலே இருந்த நேரம். ஷா ஆலம் மாநகர் மன்றம், பாடாங் ஜாவாவில் இருந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை இடித்தது. அன்று அந்த மன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இருந்திருக்கவும் முடியாது; சட்டத்தில் இடமில்லையே! அடுத்த மாதம் தலைநகரின் வீதியில் நம் மக்கள் ஆயிரமாயிரமாகத் திரண்டார்கள். 2008 மார்ச்சில் வாக்குச்சீட்டு கையில் வந்தபோது மாநில அரசே மாறியது. ஆனால் அந்த மன்றத்தின் நாற்காலிகளை வாக்குச்சீட்டால் தொட முடிந்ததா? முடியவில்லை. புதிய அரசு வந்து, புதிய ஆட்களை நியமித்தது. நாற்காலி அப்படியே இருந்தது. ஆள் மட்டும் மாறினான்.

"தமிழனுக்கு ஓரிடமும் கிடைக்காது" என்பது உண்மைதானா? சரித்திரத்தைக் கேளுங்கள். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஜோர்ஜ் டவுனில், 1950-களின் இறுதியில் மேயராக அமர்ந்தவர் தொழிற் கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். இன்றும் பினாங்கில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஈப்போவில், நகராண்மையைக் கைப்பற்றிய மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்தியவர்கள் சீனிவாசகம் சகோதரர்கள். இவர்களை யாராவது தமிழர் ஒதுக்கீட்டில் உட்கார வைத்தார்களா? எங்கள் இனத்துக்கு ஓரிடம் கொடுங்கள் என்று இவர்கள் வாசலில் நின்றார்களா? ஏழைகளின் குறையைப் பேசினார்கள். எல்லா இன ஏழைகளும் வாக்களித்தார்கள். தேர்தல் இருந்த காலத்தில் தமிழர் மேயரானார். தேர்தல் போன பிறகு நாம் கேட்பது இரண்டு நாற்காலி! எது உயர்வு, எது தாழ்வு? நீங்களே சொல்லுங்கள்.

இனி வெளியிலிருந்து வரும் வாதங்கள்.

முதல் வாதம்: ஊராட்சித் தேர்தல் வந்தால் இனக் கலவரம் வரும். 2018-இல் ஊராட்சித் துறை அமைச்சர், தேர்தலைத் திரும்பக் கொண்டு வரப்போவதாகச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் பிரதமர் மகாதீர் இந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தார். 1969 மே 13-ஐயும் சிலர் இழுக்கிறார்கள். அந்தக் கலவரம் எந்தத் தேர்தலுக்குப் பிறகு நடந்தது? பொதுத் தேர்தலுக்குப் பிறகு! அப்போது ஊராட்சித் தேர்தல் நின்று நான்கு ஆண்டாகியிருந்தது. கோலாலம்பூரில் அதற்கும் முன்பே போய்விட்டது. அப்படியிருக்க, பொதுத் தேர்தலை வைத்துக்கொண்டு ஊராட்சித் தேர்தலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நீதி? 1965-இல் இருந்த பட்டணமும் இன்று இல்லை. மலாய்த் தோழர்கள் இலட்சக்கணக்கில் நகரங்களுக்கு வந்துவிட்டார்கள். அடுக்குமாடியின் கெட்டுப்போன லிஃப்டு, ஏறுகிறவனின் இனத்தைக் கேட்டா நிற்கிறது? சாக்கடைத் தண்ணீர் மலாய்க்காரர் வீட்டை விட்டுவிட்டுத் தமிழர் வீட்டுக்குள் மட்டுமா வருகிறது? ஒரே குறையை உடைய மூவரும் ஒரே பெட்டியில் வாக்குப் போடட்டும். இனத்தைப் பேசிப் பிழைக்கிறவனுக்குத்தான் அது ஆபத்து.

இரண்டாவது வாதம்: அந்தக் காலத்து நகரசபைகளில் ஊழல் இருந்தது. சில இடங்களில் முறைகேட்டுப் புகார்கள் எழுந்ததும், விசாரணைகள் நடந்ததும் உண்மை. பால் நிறுக்கும் இடத்தில் எத்தனையோ காலைகள் நின்றவன் நான். நிறுவையின் போது பால்வெட்டுக்காரர் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்ப்பார். பார்க்கிற உரிமை அவருக்கு உண்டு. தராசில் குறை என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? தராசைத் திருத்துவோம். எழுதியவன் தவறினால் எழுதியவனை மாற்றுவோம். "தராசு கெட்டுப்போயிற்று, இனிமேல் நிறுக்காமலே கணக்கு எழுதுகிறேன், நீங்கள் யாரும் பார்க்க வர வேண்டாம்" என்று எந்தக் கிராணியாவது சொன்னால் பெரட்டுக் களத்தில் நம் பெண்கள் அவனை விட்டுவைப்பார்களா? நாட்டுக்குச் சொல்லப்படும் வாதம் இதுதான்! நியமன மன்றங்களில் ஊழலே இல்லையா என்று நான் கேட்கவில்லை. பத்திரிகை படிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஒன்று மட்டும் சொல்லுவேன். தேர்ந்தெடுக்கப்பட்டவன் திருடினால் அடுத்த தேர்தலில் துரத்தலாம். நியமிக்கப்பட்டவன் திருடினால், நியமித்தவனிடம் போய் அழத்தான் முடியும்.

மூன்றாவது வாதம்: செலவாகும். ஆகட்டுமே! நியமன உறுப்பினர்களுக்கும் படிப்பணம் உண்டு. அது எங்கிருந்து வருகிறது? நாம் கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்தும் வருகிறது. சட்டப்படி அந்த வரி, வீட்டின் ஆண்டு மதிப்பில் நூற்றுக்கு 35 வரை போகலாம். வாடகை வீட்டில் இருக்கிறவரும் வாடகையோடு அதைச் சேர்த்தே கொடுக்கிறார். இவ்வளவு வாங்க உரிமையுள்ள மன்றம், எங்கள் வாக்கை எண்ணுகிற செலவுக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறது?

எந்தக் கட்சியையும் நான் இதில் தப்பவிடப் போவதில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது ஊராட்சித் தேர்தல் என்று முழங்குகிறார்கள். ஆட்சிக்கு வந்ததும் நியமனப் பட்டியல் தயாரிப்பதில் மும்முரமாகிவிடுகிறார்கள். பினாங்கு அரசு ஒரு முயற்சி செய்தது. அதைச் சொல்ல வேண்டும். 2010-இல் தேர்தல் ஆணையத்துக்கு எழுதியது, ஆணையம் முடியாதென்றது. 2012-இல் மாநிலச் சட்டமே இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம், அப்படிச் சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்த்துவிட்டது. 2015 ஜனவரி 1-ஆம் தேதி பினாங்குத் தீவு முழுவதற்கும் மாநகர் மன்றம் வந்தது, மேயரும் வந்தார், வாக்குப்பெட்டி வரவில்லை. 1957-இல் கிடைத்த மாநகரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஆகவே பூட்டு எங்கே இருக்கிறது என்பது இப்போது தெளிவு. அது நாடாளுமன்றத்தில் இருக்கிறது. 171-ஆவது சட்டத்தைத் திருத்தினாலன்றி வழியில்லை.

என்ன திருத்தம் வேண்டும்? நான்கைச் சொல்லுகிறேன்.

ஒன்று: 15-ஆவது பிரிவு ஒழிய வேண்டும். 10-ஆவது பிரிவில் "நியமிக்கப்படுவர்" என்பது போய், "அங்கே குடியிருப்போரால் தேர்ந்தெடுக்கப்படுவர்" என்று வர வேண்டும். சொந்த வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, வாடகைக் குடிக்கும் லயத்துக் குடிக்கும் அதே வாக்கு.

இரண்டு: தோட்டத்து லயங்கள் ஏதேனும் ஒரு வட்டாரத்தில் சேர்க்கப்பட வேண்டும். எல்லைக்குள் இருக்கும் குடிக்குத் "தனியார் நிலம்" என்று பதில் சொல்லக்கூடாது.

மூன்று: எல்லா இடங்களையும் வட்டாரவாரியாக மட்டும் வைக்காமல், ஒரு பகுதியை மொத்த வாக்கு விகிதப்படி பிரிக்க வேண்டும். அப்போது சிதறி வாழும் சிறுபான்மையும், சிதறி வாழும் தொழிலாளியும் ஒதுக்கப்பட மாட்டார்கள். பெரிய மனிதர்கள் சொல்லும் பயத்துக்கு நேர்மையான மருந்து இதுதான், நியமனம் அல்ல.

நான்கு: மன்றத்தின் குழுக் கூட்டங்களும் மக்கள் பார்க்கத் திறந்திருக்க வேண்டும். கணக்கு வெளிப்படையாக ஒட்டப்பட வேண்டும்.

இதைச் செய்ய வைப்பது யார்? நாம்தான். எப்படி? தேர்தல் வந்த பிறகு ஆள் தேடலாம் என்று உட்கார்ந்திருந்தால், அன்றைக்கும் வாணிபக்காரரும் வக்கீலும் நிற்பார்கள். நாம் கொடி பிடிப்போம். இன்றே நம் ஆட்கள் வேட்பாளராக எழ வேண்டும்!

நாற்காலியே இல்லாதபோது எதற்கு நிற்பது என்று கேட்கிறீர்களா? சொல்லுகிறேன். மாநில அரசுக்கு நியமிக்கும் அதிகாரம் இருக்கிறது. சமூகத்தின் நலனைப் பேசத் தக்கவர் என்ற ஒரு வாசலும் 10-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் குடியிருப்பாளர் கூட்டம் கூட்டி, நாமே வாக்கெடுப்போம். வென்றவர் பெயரை மந்திரி பெசாரிடமும் முதலமைச்சரிடமும் கொண்டு போய் வைப்போம். "மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் இதோ; நியமியுங்கள், அல்லது மறுப்பதற்குக் காரணம் சொல்லுங்கள்" என்று கேட்போம். அப்படி உள்ளே போகிறவர் முதல் நாளிலேயே, "இந்த நியமன முறை ஒழிய வேண்டும், நான் வந்தது அதற்காகத்தான்" என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரட்டும். 1951-இல் பாதிக் கதவு வழியே போனவர்கள் உள்ளேயிருந்துதான் முழுக் கதவையும் திறந்தார்கள். நமக்கு இன்று கால்கதவுதான் இருக்கிறது. அதில் காலை வைப்போம்.

இன்னொரு வேலை. மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு கூறுகிறது. மன்றமே தீர்மானம் போட்டு மறுத்தாலொழிய யாரும் போய் உட்காரலாம். எத்தனை பேர் போயிருக்கிறோம்? ஒவ்வொரு கிளையும் மாதம் இருவரை அனுப்பட்டும். ஒரு கிராணி, ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. கிராணிக்குப் பாரமும் கணக்கும் தெரியும். பால்வெட்டுக்காரருக்கு எந்தச் சாக்கடை எங்கே உடைந்தது என்பது தெரியும். இருவரும் சேர்ந்தால் ஒரு நல்ல உறுப்பினர். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். குழாயில் தண்ணீர் நின்றால் முதலில் தெரிகிறது அவருக்குத்தானே!

பொதுத் தேர்தலும் மாநிலத் தேர்தலும் வரும்போது, மேடையேறுகிற ஒவ்வொருவரிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "15-ஆவது பிரிவை நீக்க வாக்களிப்பீரா?" ஆம் என்றால் எழுத்தில் வாங்குங்கள். பார்க்கலாம் என்று சொன்னால், நாமும் பார்க்கலாம் என்று வாக்கை மடித்து வையுங்கள். எவரும் ஆம் என்று சொல்லாத தொகுதியில் நம் தொழிலாளியே நிற்கட்டும். தோற்றாலும் அந்தக் கேள்வி ஊர் முழுவதும் நிற்கும்.

நமக்குத் தகுதியில்லை என்று யாரும் சொல்லட்டும் பார்ப்போம். கிளைச் செயலாளரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறோம். சந்தா கணக்கைக் கூட்டத்தில் வைத்துக் கேள்வி கேட்கிறோம். தவறு செய்தவரை அடுத்த கூட்டத்தில் இறக்கியிருக்கிறோம். சங்கத்தை நடத்தத் தெரிந்த தொழிலாளிக்குச் சாக்கடையை நடத்தத் தெரியாதா?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நாம் அழுதது போதும். பாலை வெட்டி எடுக்கிறவர்கள் நாம். நிறுவையையும் நாமே பார்ப்போம். வருகிற கிளைக் கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வரட்டும். தீர்மானத்தோடு ஒரு வேட்பாளரின் பெயரும் வரட்டும்!